கனி வாசித்த போர்டுகள்

பிப்ரவரி 20, வெள்ளி. தூங்காபி, சிட்னி

மகள் ஹெப்சி இந்த டைரியைக் கையில் திணித்து, "அப்பா, தெனமும் எழுதணும். வந்ததும் நான் வாசிப்பேன்" என்று உத்தரவு போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அட்டை நன்றாக இருக்கிறது. உள்ளே கோடுகளைத்தான் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி அச்சடித்திருக்கிறான். அந்த மையை மிச்சம் பிடித்து எந்தக் கோட்டையைக் கட்டப் போகிறானோ!

சரி, முறையாகத் தொடங்குகிறேன். நான் தவசிமுத்து. பாளையங்கோட்டை – திருச்செந்தூர் தடத்தில் பதினோரு வருடம் தனியார் பஸ் ஓட்டினேன். பிறகு என் மனைவி ஜெபக்கனிக்குச் சிட்னியில் நர்ஸ் வேலை கிடைத்தது. அவள் பெட்டிகளோடு நானும் ஒரு பெட்டியாக வந்து சேர்ந்தேன். இங்கே இருபத்தாறு வருடம் பஸ். இரண்டு நாட்டிலும் சேர்த்து ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. இதை ஹெப்சி அடிக்கோடிட்டு வாசிக்கட்டும்.

ரிட்டயர் ஆன கையோடு ஒரு பழைய கேரவன் வாங்கினேன், காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற சக்கர வீடு. ஆஸ்திரேலியாவில் பாதியையாவது சுற்றிவிடுவது என்று திட்டம். கனிக்கு வார்டு ஷிப்டு, ஹெப்சிக்குப் பிரசவம், கொரோனா என்று பதினோரு வருடம் அது முற்றத்திலேயே நின்றது. நாளைக் காலை கிளம்புகிறோம், மூன்று வாரம்.

மார்ச் 18 எனக்கு எழுபத்தைந்து பிறக்கிறது. அந்த வயதில் லைசென்ஸ் தொடர வேண்டுமானால் டாக்டர் கண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஃபாரம் தபாலில் வந்திருக்கிறது. 16ஆம் தேதி டாக்டரிடம் போக வேண்டும். ஃபாரத்தை வண்டியின் டேஷ்போர்டுக்குள் போட்டு மூடிவிட்டேன். போன செப்டம்பரில் கண்ணாடிக் கடைப் பெண் ஒருத்தி, "புரை வளர்ந்திருக்கு, ஆபரேஷன் பண்ணணும்" என்றாள். இருபத்திரண்டு வயது இருக்கும். வியாபாரத்துக்கு என்னவெல்லாம் சொல்கிறார்கள்! கனியிடம் சொல்லவில்லை. நர்சிடம் சொன்னால் அன்றைக்கே கட்டிலில் கட்டிப்போடுவாள்.

கேரவனுக்குப் புதுத் திரைச்சீலை தைத்திருக்கிறாள். சாம்பல் நிறம், சாவு வீட்டுக்குக் கட்டுகிற மாதிரி. "ஏட்டி, கடையில வேற கலரே இல்லியா?" என்றேன். ஊசியைக் கையில் பிடித்தபடி ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். "இதுதான் கெடச்சுது" என்றாள்.

பிப்ரவரி 21, சனி. கண்டகாய்

முந்நூற்று எழுபது கிலோமீட்டர். வண்டி வெண்ணெய். கேரவன் பின்னால் வருவதே தெரியவில்லை.

கனியின் வாய்தான் தாங்கவில்லை. ரோட்டில் ஒரு போர்டு விடாமல் சத்தமாக வாசித்துக்கொண்டே வருகிறாள். "நூத்திப்பத்து போட்டிருக்கான். இடது பக்கம் ரெஸ்ட் ஏரியா. கங்காரு படம் இருக்கு. முன்னால லாரி ஒண்ணு மெதுவா போகுது. இங்கன எண்பதாக்கிட்டான்."

"ஒண்ணாங்கிளாஸ் புள்ள மாதிரி என்னட்டி இது? எனக்குத் தெரியாதா?"

"பொழுது போகணும்லா. நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க."

மதியம், "நான் கொஞ்ச தூரம் ஓட்டட்டா?" என்று வேறு கேட்டாள். தன் சின்னக் காரையே சூப்பர் மார்க்கெட்டில் இரண்டு இடத்தை அடைத்து நிறுத்துகிறவள். சிரித்துவிட்டேன்.

முன்கண்ணாடியை இன்று மூன்று தடவை துடைத்தேன். இந்த நாட்டில் பூச்சி அதிகம், ஒரு மாதிரி புகைபோலப் படிந்துவிடுகிறது. நான் துடைத்தபின் கனியும் ஒரு தடவை துடைத்தாள்.

கேரவன்களை நிறுத்தி இரவு தங்குகிற கேரவன் பார்க்கில் பெரிய வேடிக்கை என்னவென்றால், புதிதாக வருகிறவன் கேரவனைப் பின்னால் எடுத்துத் தன் இடத்தில் விடுவதைப் பார்ப்பதுதான். பழைய ஆட்கள் மடக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அநேக ஜோடிகள் அங்கேதான் சண்டை போடுகிறார்கள். எங்களுக்குள் அந்தப் பேச்சே இல்லை. திருச்செந்தூர் பஸ் கண்டக்டர் விசில் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைக் கனி கழுத்தில் மாட்டிக்கொண்டு பின்னால் நிற்பாள். இரண்டு விசில் என்றால் வரலாம், ஒன்று என்றால் நிற்கணும். இன்று ஒரே எடுப்பில் விட்டேன். நாற்காலிக்காரர்களுக்கு ஏமாற்றம்.

பிப்ரவரி 23, திங்கள். ஹே

இன்று நடந்ததற்கு நான் பொறுப்பு இல்லை என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

ஹே ஊரைச் சுற்றி மைதானம் மாதிரி தட்டைப் பூமி. ஒரு மரம் கிடையாது, மேடு கிடையாது. கேரவன் பார்க்கில் பக்கத்து இடத்தில் கெவின் என்று ஒரு ஆள். காலமெல்லாம் ஆட்டுக்கு மயிர் கத்தரித்தவர், இப்போது மனைவி ஷர்லியோடு ஊர் சுற்றுகிறார். பிஸ்கட் என்று ஒரு நாய் வைத்திருக்கிறார், ஆடு மேய்க்கிற ஜாதி. நான் கேரவனைப் பின்னால் எடுக்கிறேன். கனி ஒரு விசில் அடித்தாள். நின்றேன். உடனே இரண்டு விசில் கேட்டது. எடுத்தேன். டமார்!

அந்த இரண்டு விசில் கெவின் தன் நாயைக் கூப்பிட்டது. நாய் அவரிடம் ஓடிவந்தது. நான் தண்ணீர்க் குழாய் நட்டிருந்த கம்பத்தில் போய் நின்றேன். பின் விளக்கு உடைந்தது, கம்பம் சாய்ந்தது, குழாயில் தண்ணீர் பீய்ச்சி கனி தலையோடு நனைந்தாள்.

கெவின் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்து நூறு தடவை மன்னிப்புக் கேட்டார். நல்ல மனிதர். போகும்போது, "கம்பம் மஞ்சள் பெயிண்ட்தான், கண்ணாடியில தெரியலியா?" என்று சாதாரணமாகக் கேட்டார். மஞ்சள் எல்லாம் வெயிலில் வெளுத்துப்போயிருக்கும்.

பிப்ரவரி 24, செவ்வாய்

41 டிகிரி. உடைந்த விளக்குக்குச் சிவப்பு டேப் ஒட்டினேன். பிஸ்கட் என்னைக் கண்டால் மட்டும் வாலாட்டுகிறது, கூட்டாளி என்று நினைப்பு.

பிப்ரவரி 26, வியாழன். ஸ்வான் ஹில்

மர்ரி ஆற்றங்கரை. கெவினும் ஷர்லியும் இங்கேயும் பக்கத்தில்தான். கனி நெய்மீன் கருவாடு பொரித்தாள். நான் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டேன். பார்க்கில் பாதிப் பேர் ஜன்னலை மூடினார்கள். மீதிப் பாதிப் பேர் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். ஷர்லி மூக்கைப் பொத்தியபடியே ஒரு துண்டு தின்று பார்த்துவிட்டு, பொத்திய கையை எடுத்துவிட்டு இன்னொன்று எடுத்தாள். கெவின் பழைய சோற்றோடு தின்றார். பிஸ்கட்டுக்கு முள் மட்டும் கிடைத்தது.

சாயங்கால ஜெபத்தில் கனிதான் சங்கீதம் வாசித்தாள். முன்பெல்லாம் நான் வாசிப்பேன். பைபிளைப் பொடி எழுத்தில் அடித்து வயதானவர்களைச் சோதிக்கிறார்கள். அவள் வாசித்தால் கேட்க இதமாக இருக்கிறது, அதனால் விட்டுக்கொடுத்தேன்.

இன்றும், "நாளைக்கு நான் ஓட்டிப் பாக்கட்டா?" என்றாள். கேரவன் இழுப்பது என்ன விளையாட்டா?

மார்ச் 1, ஞாயிறு. மவுண்ட் கேம்பியர்

இந்த ஊருக்குத்தான் கனி மாதக்கணக்காகப் பறந்தாள். எரிமலை வாயில் ஓர் ஏரி. கோடையில் மட்டும் சொட்டு நீலமாக மாறிவிடுமாம், மழைக்காலத்தில் மறுபடி சாம்பலாகிவிடுமாம். படத்தை வெட்டி எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருந்தவள். காலை ஆராதனை முடித்துவிட்டு நேரே அங்கே போனோம்.

சுத்த ஏமாற்று! ஆறிப்போன டீக்குள் சாம்பலைக் கொட்டியது போல ஒரு தண்ணீர். வேலியோரம் நின்றவர்கள் எல்லாரும் ஆகா ஊகூ என்கிறார்கள். ஒரு சீனக் குடும்பம் மாற்றி மாற்றிப் படம் எடுக்கிறது. நான் சத்தமாகவே சொன்னேன்: "என்னட்டி இது, மழைக்காலத்துக் குளம் மாதிரி கெடக்கு. இதுக்கா இவ்வளவு பெட்ரோலக் கொட்டி வந்தோம்? சீசன் முடிஞ்சுபோச்சு போல."

கனி ஏரியைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்த மாதிரி இருந்தது. பாவம், அவளுக்கும் ஏமாற்றம்தானே. "சரி விடு, அடுத்த ஊர்ல கடல் இருக்கு" என்று தேற்றினேன்.

"ஆமா. சீசன் முடிஞ்சிருக்கும்" என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு வண்டி வரைக்கும் நடந்தாள். ஊரில் கல்யாணமான புதிதில்கூட இவள் வெளியில் என் கையைப் பிடித்ததில்லை.

மார்ச் 3, செவ்வாய். போர்ட் ஃபேரி

கடற்கரையில் யாரோ வெள்ளைப் பிளாஸ்டிக் பையைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இந்த ஜனங்களுக்குப் பொறுப்பு கிடையாது. எடுத்துக் குப்பையில் போடலாம் என்று குனிந்தேன். பறந்துவிட்டது. கடற்பறவை!

கனி மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் சட்டென்று சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். அதன்பின் அதே பறவையின் மச்சான் ஒருவன் பறந்து வந்து என் கையிலிருந்த உருளைக்கிழங்கு வறுவலைப் பொட்டலத்தோடு தூக்கிப் போனான்.

மார்ச் 6, வெள்ளி

இன்று எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 7, சனி. லேக்ஸ் என்ட்ரன்ஸ்

நேற்று ஒன்றுமில்லை என்று எழுதியது பொய். ஹெப்சி, இதை நீ வாசிப்பாய். வாசி.

நேற்றுக் காலை எட்டு மணிக்குக் கிழக்கே போய்க்கொண்டிருந்தோம். கனிக்கு முந்தின நாள் முழுக்கத் தும்மல். அதற்கு ஒரு மாத்திரையைப் போட்டிருந்தாள். அசந்து தூங்கிவிட்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது, வாய் ஓய்ந்தது என்று. ஐந்து நிமிடம் போயிருக்கும். ஏதோ குறைகிறது என்று தோன்றியது. இந்த ரோட்டில் எவ்வளவு வேகம் போகலாம் என்று எனக்குத் தெரியவில்லை. வளைவு இருக்கிறதா, பாலம் இருக்கிறதா, தெரியவில்லை. போர்டுகள் வந்தன. வந்து, வெறும் தகடாக, ஓரமாகப் போய்விட்டன. இரண்டு வாரமாக இந்த வண்டியை ஓட்டியது நான் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அடுத்த ரெஸ்ட் ஏரியாவில் நிறுத்தலாம் என்று நினைத்தேன். ரெஸ்ட் ஏரியா எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ரோடு திரும்பியது. சூரியன் நேர் எதிரே. கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிட்டது. அந்த வெள்ளைக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு. பொட்டு கையை ஆட்டியது. என் கால் தானாகப் பிரேக்கில் இறங்கியது. பின்னால் கேரவன் ஆடி, இழுத்து, டயர் கத்தி, நின்றது. ரோடு வேலை நடக்கிற இடத்தில் 'நில்' போர்டு பிடிக்கிற பெண். நின்ற இடத்திலிருந்து நாலே எட்டு வைக்கிற தூரம். அவள் ஓடவில்லை. ஓட நேரம் இருந்திருக்காது.

என் பக்கத்து ஜன்னலுக்கு வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும், மூக்கெல்லாம் புள்ளி புள்ளியாக. திட்டுவாள் என்று நினைத்தேன். "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

அவள் காட்டிய இடத்தில் ஓரம் கட்டினேன். ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்க முடியவில்லை. பிரேக் சத்தத்தில் விழித்திருந்த கனி ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள்.

"எனக்குச் சரியாத் தெரியலட்டி" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

"எப்பருந்து?"

"ஆறு மாசமா. கண்ணாடிக் கடைக்காரி வீட்டுக்குப் போன் பண்ணா. அதுக்கு முன்னாலயே காப்பியில சீனின்னு உப்ப அள்ளிப் போட்டீங்க. நானும் குடிச்சேன்லா."

"அப்பம் ஏன் சொல்லல?"

"சொன்னா வண்டி மறுபடி முத்தத்துல நின்னுரும். பதினோரு வருஷமா ஞாயிற்றுக்கிழமை தவறாம அந்தக் கேரவனக் கழுவுனீங்க. ஒரு நாளும் எங்கயும் போகாத வண்டியக் கழுவுனீங்க. எனக்கு அது பொறுக்கல. இந்த ஒரு தடவ நானே உங்களுக்குக் கண்ணா இருந்துக்கிடலாம்னு நெனச்சிட்டேன்." அப்புறம் அவள் குரல் உடைந்தது. "நாப்பது வருஷம் நர்சா இருந்தவ நான். இது தப்புன்னு எனக்குத் தெரியாதா? அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆயிருந்தா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஜெபம் பண்ணுவேன்?"

இரண்டு பேரும் அழுதோம். எனக்குப் பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. கோழியைக்கூட அடிக்காதவன் என்று முதல் பக்கத்தில் எழுதியதைக் கிழித்துப் போடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

அதன்பின் சாலை வேலைக்காரர் ஒருவர் எங்கள் வண்டியை ஓட்டி வந்து இங்கே விட்டுவிட்டுப் போனார்.

இன்று காலை காப்பி குடிக்கும்போது, ஆபரேஷனுக்கு ஏன் போகவில்லை என்று கேட்டாள். உண்மையைச் சொன்னேன். கத்தி நேரே கண்ணுக்குள் வருவதைப் பார்த்துக்கொண்டு ஒரு மனுஷன் எப்படிப் படுத்திருப்பான்?

"அதப் பாக்குறதுக்குத்தான் உங்களுக்குக் கண்ணு தெரியணுமே" என்றாள் கனி. நேற்றிலிருந்து இதுதான் முதல் சிரிப்பு.

சாவியை அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

கனி ஓட்டினாள். இதற்கு மேல் எழுத நெஞ்சு பொறுக்கவில்லை என்றாலும் எழுதுகிறேன்.

மணிக்கு அறுபது. நூறு போகிற ரோட்டில் அறுபது! எங்கள் பின்னால் பதினாலு வண்டி வால் பிடித்து வந்ததாக அவளே எண்ணிச் சொன்னாள். எதிரே லாரி வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். வளைவில் கேரவனுக்கு இடம் விட்டு அகலமாகத் திருப்ப வேண்டும். இவள் சைக்கிள் மாதிரி ஒடிக்கிறாள். "அகலமா, அகலமா, ஏட்டி அகலமா!" என்று கத்தினேன். வண்டியை ஓரம் கட்டினாள். எஞ்சினை அணைத்தாள்.

"இன்னொரு வாட்டி கத்துனீங்கன்னா பின்னால கேரவன்ல ஏறி உக்காந்துக்கிடுங்க."

"ஓடுற கேரவன்ல ஆள் உக்காரக் கூடாது. சட்டப்படி குத்தம்."

"அப்பம் நடந்து வாங்க."

அதன்பின் நான் மெதுவாகத்தான் சொன்னேன். எங்கே கியரைக் குறைக்க வேண்டும், இறக்கத்தில் பிரேக்கை எப்படித் தொட்டுத் தொட்டு விட வேண்டும், காற்று அடித்தால் ஸ்டீயரிங்கை எப்படிப் பிடிக்க வேண்டும். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எனக்கு எல்லாம் தெரிகிறது. அதற்குக் கண் வேண்டியதில்லை. சாயங்காலத்துக்குள் எண்பது தொட்டாள். வால் நாலு வண்டியாகக் குறைந்தது.

மார்ச் 10, செவ்வாய். ஈடன்

மறுபடி கடல், மறுபடி எங்கள் மாநிலம். கேரவன் பார்க்குக்குள் நுழைந்ததும் யார் குரைத்தது என்கிறீர்கள்? பிஸ்கட்! கெவினும் ஷர்லியும் முந்தின நாளே வந்துவிட்டார்கள். எங்களுக்குக் கொடுத்த இடமோ ஒரு மரத்துக்கும் ஒரு பெரிய வேனுக்கும் நடுவே. கனி முகம் வெளுத்துவிட்டது. நேற்று வரைக்கும் நேரே போய் நேரே வருகிற இடமாகக் கேட்டு வாங்கிச் சமாளித்தோம். இங்கே பின்னால்தான் எடுக்க வேண்டும்.

நாற்காலிகள் திரும்பின. எட்டுப் பேராவது இருப்பார்கள்.

"நீங்களே விட்டுருங்க. பத்தடிதான" என்றாள். ஓர் ஐந்து நொடி எனக்கும் ஆசை வந்தது. பிறகு அந்த மூக்குப் புள்ளிப் பெண் ஞாபகம் வந்தாள். கையை நீட்டி விசிலைக் கேட்டேன். கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள்.

என் ஆயுசில் நான் விசிலைக் கேட்டவன், ஊதியவன் இல்லை. பின்னால் போய் நின்றேன். மரம் மசமசவென்று தெரிந்தது. அதனால் கால் வைத்து அளந்துகொண்டேன், மரத்திலிருந்து எட்டு அடி. அங்கே என் செருப்பைக் கழற்றிப் போட்டேன். இடது கையைக் கேரவனின் முதுகில் வைத்தேன். அது அசைவது கைக்குத் தெரியும். கெவின் நிலைமையைப் பார்த்துவிட்டு, தன் உதட்டை இரண்டு விரலால் மூடிக் காட்டினார். ஷர்லி பிஸ்கட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

இரண்டு விசில் கொடுத்தேன். வந்தாள். கோணிற்று. ஒரு விசில். நின்று, முன்னால் போனாள். மறுபடி இரண்டு. மறுபடி கோணல். மூன்றாவது தடவையும் போயிற்று. நாற்காலியில் ஒருவர் இருமினார். "இடது பக்கம் ஒடிச்சு விடு, பயப்படாத, நான் இங்கனதான் நிக்கேன்" என்று கத்தினேன். அது அதட்டல் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. நாலாவது தடவை கேரவன் என் கைக்குக் கீழே நேராக, ஒரே சீராக வந்தது. என் பாதம் செருப்பைத் தொட்டதும் நீளமாக ஒரு விசில் ஊதினேன்.

எட்டுப் பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கனி இறங்கி வந்தாள். "செருப்ப எதுக்கு அங்கன போட்டீங்க?" என்று மட்டும் கேட்டாள். பெருமையில் செருப்பை மாட்டிக்கொள்ளவே மறந்துவிட்டேன்.

மார்ச் 16, திங்கள். வீடு

டாக்டர் கேட்பதற்கு முன்னால் நானே சொன்னேன். ஃபாரத்தில் கையெழுத்து விழவில்லை. இரண்டு கண்ணிலும் புரை, ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்றார். நாள் குறித்தாயிற்று. ஹெப்சி டைரியை வாசித்துவிட்டு ஒரு மணி நேரம் எங்கள் இருவரையும் திட்டினாள். நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டோம்.

ஜூன் 24, புதன். வீடு

இன்று நான் சொல்ல கனி எழுதுகிறாள். நேற்று வலது கண்ணில் ஆபரேஷன் நடந்தது. இன்று கட்டு அவிழ்த்தாலும் எழுதக் கூடாதாம். ஆபரேஷனை நான் மிகத் தைரியமாக எதிர்கொண்டேன். (இல்லை. என் கையைப் பிடித்த பிடியில் மோதிரம் வளைந்துவிட்டது. – கனி.) நான் சொல்வதை மட்டும் எழுத வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

டாக்டர் கட்டை எடுத்ததும் முதலில் அவர் சட்டையில் காப்பிக் கறை தெரிந்தது. அப்புறம் கனி தெரிந்தாள். இவளுக்கு இவ்வளவு நரை எப்போது விழுந்தது? (இப்படிச் சொல்வதற்காகவா ஆபரேஷன் செய்தோம்?) அழகாகத்தான் இருந்தாள். (இதை இரண்டு தடவை சொன்னார்.)

வீட்டுக்கு வந்து முற்றத்தில் இறங்கியபோது கேரவனைப் பார்த்தேன். ஜன்னலில் நீலத் திரை. பளிச்சென்ற நீலம், சொட்டு நீலம் போட்டு அலசியது போல. "எப்பம்ட்டி மாத்துன?" என்று கேட்டேன்.

"மாத்தல. அதேதான்."

"நான் சாம்பல்னு சொன்னப்பம் நீ ஒண்ணும் சொல்லலியே?"

"உங்களுக்குச் சாம்பலாத் தெரிஞ்சத நான் நீலம்னு சொல்லி எதுக்கு வீண் சண்ட?" என்றாள். (ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைக்கு நான் நினைத்தது வேறு. அதை அவரிடம் சொல்லவில்லை. இங்கேயும் எழுதமாட்டேன்.)

டிசம்பர் 12, சனி. மவுண்ட் கேம்பியர்

இடது கண்ணிலும் ஆபரேஷன் முடிந்து லைசென்ஸ் வந்து இரண்டு மாதம் ஆகிறது. கையெழுத்துப் போட்ட டாக்டர் என்னைவிடச் சந்தோஷப்பட்டார். ஆனால் ஒரு சிக்கல். கனி ஸ்டீயரிங்கை விடமாட்டேன் என்கிறாள். அரை நாள் அவளுக்கு, அரை நாள் எனக்கு என்று பேசித் தீர்த்திருக்கிறோம். அவள் இப்போது வளைவை அகலமாகத்தான் எடுக்கிறாள்.

அவள் ஓட்டுகிற அரை நாளில் நான் சும்மா இருக்க வேண்டுமே. உலகத்தில் இவ்வளவு எழுத்து இருக்கிறது என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது! ஒன்றையும் விடாமல் வாசித்தேன். "எண்பது. வலது பக்கம் பெட்ரோல் பங்க். செர்ரிப் பழம், ஒரு கிலோ எட்டு டாலர். குதிரைச் சாணம், மூட்டை மூணு டாலர். முன்னால போற லாரியில ஏதோ ஒரு போன் நம்பர், அதையும் சொல்லட்டா?"

"வாய மூடிட்டு வாங்களேன். எனக்குக் கண்ணு தெரியும்லா" என்றாள்.

மதியம் ஏரிக்குப் போனோம். மார்ச்சில் நின்ற அதே வேலி. எட்டிப் பார்த்தேன். அட, என்ன நீலம் அது! தண்ணீருக்கு இப்படி ஒரு நிறம் இருக்க முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. சுற்றி நின்றவர்களோடு சேர்ந்து நானும் ஆகா ஊகூ என்றேன். அன்றைக்கும் இது இப்படியேதான் கிடந்திருக்கிறது. இவள் மாதக்கணக்காகக் காத்திருந்து பார்க்க வந்த நீலத்தை எனக்காகச் 'சீசன் முடிஞ்சிருக்கும்' என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

திரும்பினேன். கனி இன்றும் ஏரியைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, ஏரி அங்கன இருக்கு."

"இருக்கட்டும். என்ன கலருன்னு சொல்லுங்க."

சொன்னேன். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகுதான் திரும்பி ஏரியைப் பார்த்தாள், வெகு நேரம். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சுற்றி ஆள் இருந்தால் என்ன.

வண்டிக்குத் திரும்பினோம். இனி என் முறை. கையை நீட்டினேன். சாவியைத் தராமல் அவளே ஏறி உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு நானே ஓட்டுதேன். நீங்க போர்டு வாசிங்க."

"வாய மூடச் சொன்னியே?"

"அது காலைல. இப்பம் வாசிங்க."

பக்கத்தில் ஏறினேன். "இடது பக்கம் திரும்பு. அறுபது போட்டிருக்கான்" என்று தொடங்கி, பார்க் வாசல் வரைக்கும் ஒன்று விடாமல் வாசித்தேன்.